காத்து இருந்த வீடு

1

போன சனிக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளைஞன் நின்றான். வீட்டுக்குள் இருக்கிற காற்றைச் சுத்தம் செய்யும் கருவி விற்கிறானாம். வெளிக்காற்றை விட வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற காற்றுதான் மோசம் என்று ஆரம்பித்து, பூஞ்சைக்காளான், தூசி, அடுப்புப் புகை என்று ஒவ்வொன்றாகப் பயமுறுத்திவிட்டு, "உங்கள் வீட்டுக் காற்றைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா?" என்று கேட்டான்.

கேட்டது இங்கிலீஷில்தான். என் மண்டைக்குள் அது என் புகுந்த ஊரான கோம்பைத் தமிழாக மாறித்தான் விழுந்தது. "ஒங்க வீட்டுல காத்து இருக்கா?"

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்கு ஜன்னல் வழியாக வருவதும் காத்து, ஆளில்லாத தோட்டத்துக் கிணற்றடியில் ஒருத்தியைப் பிடித்து ஆட்டுவதும் காத்து. "அவளுக்குக் காத்து அடிச்சிருச்சு" என்றால் சேலை பறந்தது என்று யாரும் அர்த்தம் எடுப்பதில்லை.

"முன்பு இருந்தது, வெளியே அனுப்பிவிட்டோம்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "எந்தக் கம்பெனிக் கருவி?" என்று கேட்டான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. இந்த ஐப்பசியோடு என் மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு எங்கள் வீட்டில் இருந்தார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

நான் மதுரையில் நர்சிங் படித்தவள். 2001இல் இங்கிலாந்துக்கு ஆள் எடுத்தபோது வந்தேன். என் கணவர் உத்தமபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையைத் தம்பி கதிரேசனிடம் விட்டுவிட்டு என் பின்னால் வந்து, இங்கே பிஸ்கட் அடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தக் கசப்பை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மகள் தாரணிக்கு அப்போது மூணு வயசு.

வாடகை வீடு. முன்னறையில் குளிருக்குச் சூடேற்ற, சுவரோடு பதித்த கேஸ் கணப்பு ஒன்று. அதற்குக் கொஞ்சம் தள்ளி, மேற்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி போட்ட ஓர் ஓட்டை. மூட முடியாத மாதிரி வைத்திருந்தார்கள். வருஷம் முழுக்க அது வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் கட்டினதில் ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

2003 ஆனியில் மாமா, இவருடைய அப்பா, எங்களைப் பார்க்க வந்தார். அத்தை வரவில்லை. மாடுகளை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு இங்கத்துக் கோடையே மார்கழி மாதிரி இருந்தது. நான் வாங்கிக்கொடுத்த பழுப்பு நிற ஸ்வெட்டரை வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் நாளே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கி வருகிற மேகாத்தை நம் ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. சோற்றில் மண் விழும், ஓடு தடதடக்கும், பிள்ளைகளுக்கு நெஞ்சில் சளி கட்டும். அதனால் வைகாசி முடியும்போதே மேற்குச் சுவரில் இருக்கிற வெண்டிலேட்டர் எல்லாவற்றையும் சாக்கும் பழந்துணியும் திணித்து அடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது வீட்டு ஆம்பளை செய்ய வேண்டிய வேலை. அடைக்காமல் விட்டால், இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று தெருவில் கேட்டுவிடுவார்கள்.

"மேகாத்துச் செவுத்துல ஓட்டைய வச்சு எவன்டா வீடு கட்டுனான்?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார் மாமா. என்னிடம், "ஏத்தா, கொஞ்சம் மைதா கரைச்சுக் குடு" என்றார்.

பேப்பரைப் பசையில் ஊறவைத்து, அரிசிச் சாக்கைக் கிழித்துச் சுருட்டி, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க அந்த ஓட்டையை அடைத்தார். இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தேய்த்துவிட்டார். காகிதமும் பசையும் காய்ந்து சுவரோடு சுவராகிவிட்டது. "இனி ஏம் பேத்திக்குச் சளி புடிக்காது" என்றார். அதன் முன்னால் சோபாவை இழுத்துப் போட்டோம். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அவர் திருப்தியாகச் சாப்பிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஊருக்குத் திரும்பினார்.

3

ஐப்பசியில் ஒரு காலை கதிரேசனிடமிருந்து போன். "அண்ணே, அய்யா போயிட்டாக." தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் விசா நீட்டிப்புக்காக அரசாங்க அலுவலகத்தில் இருந்தன. என் கணவர் போன் செய்தார். வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்றார் இவர். நாம் அப்படித்தானே சொல்வோம்.

"எந்தத் தேதியில் காலாவதி ஆனது?" என்று அந்தப் பெண் கேட்டாள். இவர் பாஸ்போர்ட்டைச் சொல்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். இவர் திரும்பத் திரும்ப அதே வார்த்தையைச் சொல்ல, அவள் திரும்பத் திரும்ப, அப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். நான் போனைப் பிடுங்கி "இறந்துவிட்டார்" என்று சொன்னேன். அவள் உண்மையாகவே வருந்தினாள். ஆனாலும் பாஸ்போர்ட் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும் என்றாள்.

கொள்ளி வைத்தது கதிரேசன். மூத்த மகன் பிஸ்கட் பெட்டி அடுக்கப் போனார். லீவு போடச் சொன்னேன். "வீட்ல இருந்து என்ன செய்ய?" என்றார்.

4

அந்த வாரம்தான் குளிர் இறங்கியது. கணப்பைப் பற்றவைத்தோம்.

முந்தின வருஷம் அது நீலமாக எரிந்தது. இந்த முறை சுடர் மஞ்சளாக, நீளமாக, அசைந்து அசைந்து எரிந்தது. "குத்துவெளக்கு மாதிரி எரியுது பாரு" என்றார் இவர். எனக்கும் அது நல்ல சகுனமாகத்தான் பட்டது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் வழிந்தது. துடைத்தால் மறுபடி வழியும்.

இவருக்கு அதிகாலை ஷிப்ட். மத்தியானம் வந்து தாரணியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கணப்பு முன்னால் கிடப்பார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து இருட்டிய பிறகுதான் வருவேன்.

ஒருநாள் நான் வரும்போது கணப்புக்கு முன்னால் தரையில் ஒரு தம்ளர் காபி இருந்தது. ஆடை கட்டிப்போயிருந்தது.

"இது யாருக்குங்க?"

"அய்யாவுக்கு" என்றார். சாதாரணமாகச் சொன்னார். "அந்தி நேரத்துல வாராக. இங்கனதான் உக்காந்திருக்காக. பேசுறதில்ல."

 தாரணியைப் பார்த்தேன். அவள் தலையைக்கூடத் திருப்பாமல் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்யும்போது இவர் அதைச் சொல்லிவிட்டார்.  அத்தை, "சீனியக் கொறைச்சுப் போடுங்கப்பா. அவுகளுக்கு ஆகாது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தாரணியின் டீச்சர் என்னைப் பிடித்து நிறுத்தி, "தாத்தா உங்களோடு இருப்பது எவ்வளவு நல்லது" என்று சிரித்தாள். குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். நாலு பேரை வரைந்திருந்தாள். நாலாவது ஆளுக்குப் பழுப்பு ஸ்வெட்டர். அவர் இறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதை விடவும் என்னை ஆட்டியது வேறொன்று. பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு தாரணி தமிழை விட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அந்தக் குளிர்காலத்தில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன்னறையிலிருந்து அவள் குரல் கேட்கும். "இங்கன உக்காருங்க தாத்தா. அங்கன வேணாம், சுடும்." அச்சு அசல் கோம்பைத் தமிழ். என் பிள்ளை இப்படிப் பேசவேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடிவிடத் தோன்றியது.

5

வீட்டில் எனக்குத் தலை வலிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் விட்டுவிடும். இவருக்கும் தாரணிக்கும் எப்போதும் தூக்கம், குமட்டல், சோர்வு. ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் வேறு பயம். இந்த வீட்டில் காத்து இருக்கிறது, அதனால்தான் வெளியே போனால் விடுகிறது.

நர்ஸ் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். யூனிபாரம் போட்டிருக்கும் வரைதான் நர்ஸ். வீட்டுக்கு வந்து நைட்டி மாட்டிக்கொண்டால் நான் சின்னமனூர்க்காரி.

வீரபாண்டியில் இருக்கிற கௌமாரியம்மன் கோயில் விபூதியை என் அண்ணன் தபாலில் அனுப்பினான். வெள்ளிக்கிழமைகளில் கரியைக் கனியவைத்துச் சாம்பிராணி போட்டேன். கதவு ஜன்னல் எல்லாம் மூடியபடியே போட்டேன். புகை அலாரம் கத்தவில்லை. கடுகு தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று வந்த புதிதிலேயே அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டோம். நம் ஆட்கள் வீடுகளில் அது வழக்கம்தானே.

ஒருநாள் புகை நெஞ்சை அடைத்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன். இவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படி அழுத்திப் பிடித்ததில்லை.

"தொறக்காத."

"மூச்சு முட்டுதுங்க. பிள்ளை முகத்தப் பாருங்க."

"தொறந்தா அவுக போயிருவாக."

அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவந்து, கண் எங்கேயோ இருந்தது. "போகட்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொள்ளி வைக்க முடியாத மனுஷன். அவருக்குக் கிடைத்திருக்கிற ஒன்றை நான் எப்படிப் பிடுங்குவேன்?

"எதுக்கு வாராகன்னு தெரியல" என்று தணிந்த குரலில் சொன்னார். "ஏன் வரலன்னு கேக்கத்தான் வாராக போல. கேக்கவும் மாட்டேங்குறாக. கேக்குற வரைக்கும் இருக்கட்டுமே."

ஜன்னலை அப்படியே விட்டுவிட்டேன். அவர் மட்டும் என்றால் பரவாயில்லை. தாரணியும் அதே காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

6

வருஷக் கடைசியில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. முதல் தடவையாக நானும் நாள் முழுக்க அந்த அறையில் இருந்தேன்.

ஒரு மாலை. இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு. இவர் தரையில் பாய் விரித்து வாய் திறந்தபடி தூங்கினார். தாரணி அவர் கையில் தலை வைத்திருந்தாள். நான் நாற்காலியில் இருந்தேன். தலை கனத்தது, ஆனால் வலி இல்லை. சுகமாகக்கூட இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே மாமா குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி. பழுப்பு ஸ்வெட்டர், ஏற்றிக் கட்டிய வேட்டி. இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்று இருந்தது.

"வேல முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. ஆனால் என் குரல் என் காதில் விழுந்தது. நாக்கு தடித்து, வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. வார்டில் அந்த மாதிரிக் குரலைக் கேட்டால் நான் ஓடிப்போய் நாடி பிடிப்பேன்.

மறுபடி பார்த்தேன். மாமா உட்கார்ந்திருந்த இடத்தில்தான் எங்கள் சோபா கிடக்கிறது. சோபாவும் அங்கேதான் இருந்தது, மாமாவும் அங்கேதான் இருந்தார். அவர் அங்கே என்ன செய்கிறார்? ஓட்டையை அடைக்கிறார். என்ன ஓட்டை? காற்று வருகிற ஓட்டை.

எழுந்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. தவழ்ந்துபோய்க் கணப்பை அணைத்தேன். தாரணியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. பின்னால் இவர் விழித்துவிட்டார்.

"கதவச் சாத்து" என்றார். எழுந்து நிற்க முடியாமல் பாயிலிருந்து உருண்டு என் பக்கமாக ஊர்ந்து வந்தார். "சாத்துடி. போறாக பாரு. போறாக."

நான் சாத்தவில்லை. பிள்ளையைத் தெருவில் கிடத்திவிட்டு, திரும்பி வந்து அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

தாரணிக்கு ஆக்சிஜன் வைத்தபோது அவள் உதடு செர்ரிப் பழம் மாதிரிச் சிவந்திருந்தது. அது ஆரோக்கியச் சிவப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்ததுதான். என் பிள்ளை வாயில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

7

கணப்பு எரியக் காற்று வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கம் வரும், தலை சுற்றும், சிலருக்கு இல்லாத ஆள் தெரியும். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையில் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்க மாட்டாள் என்பதையும் சொன்னார்.

கேஸ்காரர் வந்து, இனி பற்றவைக்கக் கூடாது என்று கணப்பில் சிவப்பு அட்டை தொங்கவிட்டார். சுவரைக் குத்தி அந்த அடைப்பை வெளியே இழுத்தார். சாக்கில் அரிசிக் கடைப் பெயர் பாதி தெரிந்தது. இதை யார் செய்தது என்று கேட்டார்.

"புள்ளைக்குக் குளுரக் கூடாதுன்னு அடைச்சாக" என்றார் இவர், தமிழில். கேஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டில் காற்று நன்றாக ஓடியது. வீட்டின் சொந்தக்காரர் கணப்புக்குப் பதிலாக ரேடியேட்டர் வைத்துக் கொடுத்தார். தலைவலி போனது. கண்ணாடியில் தண்ணீர் வழிவது நின்றது. இவர் தினமும் அந்தி நேரத்தில் அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காபி வைப்பதை நிறுத்திவிட்டார். தாரணி "வேர் இஸ் தாத்தா?" என்று சில நாள் கேட்டாள். அந்தக் கோம்பைத் தமிழ் அதோடு போய்விட்டது, திரும்ப வரவே இல்லை. உயிரோடு இருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போது காது தானாக அந்தக் குரலைத் தேடும்.

நான் பார்த்ததை இவரிடம் சொல்லவில்லை. அத்தையிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர், "அவுக சொகமா இருக்காகளா?" என்று கேட்பார். இவர், "ம்" என்பார்.

8

அடுத்த ஐப்பசியில் வருஷ திவசத்துக்கு ஊருக்குப் போனோம். தேனியில் இறங்கும்போதே மழை. கோம்பை போய்ச் சேர்ந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கதிரேசன் பெண்சாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, அத்த இந்த ஒரு வருசமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எழவுக்கு வந்தவுகெல்லாம் கல்லு மனசுன்னு பேசிட்டுப் போறாக. கேட்டா, அவுக மூத்தவன்கிட்ட இருக்காக, நான் எதுக்கு அழணும்னு கேக்குறாக."

திவசத்தன்று கதிரேசன் இலை போட வந்தான். புது வேட்டி, வடை, மாமாவுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு எல்லாம் தயார். அத்தை இலையைக் கையால் தள்ளினார்.

"இங்கன எதுக்குடா எல போடுறீக? ஆளு இங்கன இல்ல. அங்கன போயி போடச் சொல்லு." பிறகு தாரணியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ஏத்தா, தாத்தா ஒங்கிட்ட நல்லா பேசுறாகளா?"

தாரணி என்னைப் பார்த்தாள். "ஹீ டஸின்ட் கம் எனிமோர்" என்றாள்.

"என்ன சொல்லுது புள்ள?"

 இவர் போய் அத்தையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அய்யா அங்கன இல்ல."

"வெளிய தெருவ போயிருக்காகளா?"

"இல்லம்மா. எப்பவுமே இல்ல. அய்யா வரவே இல்ல."

ஓட்டை, சாக்கு, கணப்பு, விஷவாயு எல்லாவற்றையும் சொன்னார். மோட்டார் ரிப்பேரை விளக்குகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நானும் பார்த்தேன் அத்தை, நானும் பார்த்தேன் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இவர் இத்தனை பாடுபட்டு இறக்கிவைத்தது மறுபடி இவர் தலையிலேயே ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை முழுவதும் கேட்டார்.  கதிரேசன் இலையைக் கையில் பிடித்தபடி நின்றான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"இங்கனயும் ஒரு நா வரலியேப்பா" என்றார் அத்தை. மகன் முகத்தையும், அந்த இலையையும், எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவுக எங்கதான்டா போனாக?"

அதற்கப்புறம்தான் அவர் அழுதார். இவரும்.